வலை வேண்டாம், தேசி மரம் போதும்: யாழ்ப்பாணத்தில் அழகி வண்ணத்துப்பூச்சி வளர்ப்பு

கோப்பாய்ப் பக்கம் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். 11 வயது மகனுக்கு, பின்னிறக்கையில் வால் வைத்த பெரிய வண்ணத்துப்பூச்சிகளைச் சேர்க்க ஆசையாம். வலை வாங்கிக் கொடுக்கலாமா, வீட்டுத் தேசி மரத்துப் புழுக்களை எடுத்து வளர்க்கலாமா, கனடாவில் இருக்கும் மாமா கேட்டபடி ஒன்றிரண்டு கூட்டுப்புழுவை அனுப்பி வைக்கலாமா? இவைதான் கேள்விகள்.

வலையை இப்போதைக்கு விடுங்கள். வலையில் சிக்கும் பூச்சி பல நாள் பறந்து, குருவிக்கும் ஓணானுக்கும் தப்பி, செதில் உதிர்ந்து, இறக்கை கிழிந்து வந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அன்று காலை கூட்டை விட்டு வந்த பூச்சியில் ஒரு கீறல்கூட இருக்காது. நல்ல சேகரிப்பு வைத்திருப்பவர்கள் முட்டையிலிருந்தே வளர்க்க விரும்புவதற்கு முதல் காரணம் இது. இன்னொன்றும் உண்டு. வலையோடு ஓடும் பையனுக்குப் பூச்சி மட்டும்தான் கிடைக்கும். இலையைப் புரட்டிப் பார்க்கப் பழகிய பையனுக்கு அது எங்கே முட்டையிடும், எதைத் தின்னும், எதற்கு இரையாகும் என்பதெல்லாம் சேர்ந்தே கிடைக்கும். கோப்பாயில் செம்மண் வளவும் தேசி மரமும் வைத்துக்கொண்டு வலைக்கு ஏன் காசு செலவழிப்பான்?

உங்கள் மகன் தேடுவது பாப்பிலியோனிடே என்ற குடும்பத்தை. தமிழ்நாட்டு ஆர்வலர்கள் இந்தக் குடும்பத்தை 'அழகிகள்' என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இலங்கையில் 15 இனங்கள் உண்டு. நமது தேசிய வண்ணத்துப்பூச்சியும் இந்தக் குடும்பம்தான், ஆனால் அது மழைக்காட்டுப் பக்கத்துப் பூச்சி, யாழ்ப்பாணத்து வளவில் அதைத் தேட வேண்டாம். நம் வீடுகளைச் சுற்றி நம்பிக்கையோடு தேடக்கூடியவை ஐந்து: தேசியில் வரும் எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி, சிவந்த உடம்போடு வரும் ரோஜா அழகி, சிவப்புடல் அழகி என்ற இரண்டு, அன்னமுன்னாவில் வரும் பச்சைப் புள்ளிக்காரி. இதில் எலுமிச்சை அழகிக்கு வாலே கிடையாது. குடும்பம் அதுதான், வால் மட்டும் இல்லை. பையன் ஏமாறாமல் இருக்க முதலிலேயே சொல்லி வையுங்கள்.

எலுமிச்சை அழகியிலிருந்து தொடங்குவதுதான் சரி. பாப்பிலியோ டெமோலியஸ் என்று சுவீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் 1758இல் பெயர் வைத்தார். கறுப்பு இறக்கையில் வெளிர் மஞ்சள் திட்டுகள், பின்னிறக்கையின் உள்மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. தேசி, தோடை, நாரத்தை, வில்வம், விளாத்தி எல்லாம் அதன் சாப்பாடு. கறிவேப்பிலை அழகிக்கும் ஏறக்குறைய இதே பட்டியல்தான், கறிவேப்பிலையில் அதை அதிகம் பார்க்கலாம். ஒரே தேசிக் கன்றில் இரண்டின் புழுக்களும் இருப்பது சாதாரணம்.

எப்போது தேடுவது? இந்தப் பூச்சிகளின் நாட்காட்டி கொழுந்துதான். ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்து தேசி துளிர்க்கும்போது பெண் பூச்சிகள் வரத் தொடங்கும். மார்கழி, தை மாதங்களிலும் நல்ல வேட்டை. சோழகக் காற்று வீசும் மாதங்களில் வெளியே காய்ந்து கிடக்கும், ஆனால் கிணற்றடியில் தண்ணீர் பாயும் இடத்தில் நிற்கும் தேசியும் கறிவேப்பிலையும் அப்போதும் துளிர்த்துக்கொண்டே இருக்கும். அந்த மரங்களைப் பாருங்கள்.

வெயில் ஏறிய பிறகு மரத்தடியில் சும்மா நின்றால் போதும். முட்டையிட வந்த பெண், பூவுக்கு வந்ததைப் போல நேராகப் போகாது. மரத்தைச் சுற்றித் தயங்கித் தயங்கிப் பறந்து, ஒரு இலையில் தொட்டும் தொடாமலும் இறங்கி, முன்னங்கால்களால் படபடவென்று தட்டும். இலையின் சுவையைக் காலால் அறிகிறது. பிடித்திருந்தால் வயிற்றை வளைத்து ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த கொழுந்துக்குப் போய்விடும். முட்டை வெளிர் மஞ்சள், உருண்டை, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். பெரும்பாலும் இளம் இலையில், தனித்தனியாக. ஆள் உயரத்துக்குக் கீழே நிற்கும் கன்றுகளிலேயே தாராளமாகக் கிடைக்கும், மரத்தில் ஏற வேண்டியதில்லை.

முட்டையாக எடுங்கள், பெரிய புழுவாக எடுக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெளியில் வளர்ந்த பெரிய புழுக்களில் பலவற்றின் உள்ளே ஏற்கெனவே வேறொருவர் குடியிருப்பார். ஒட்டுண்ணிக் குளவியும் ஈயும் புழுவின் உடம்பில் முட்டையிட்டிருக்கும். நீங்கள் பார்த்துப் பார்த்து இலை போட்டு வளர்ப்பீர்கள், கடைசியில் புழுவின் தோலைத் துளைத்துக்கொண்டு சின்னச் சின்னக் கூடுகள் வெளியே வரும், அல்லது கூட்டுப்புழுவிலிருந்து ஒரு ஈப் புழு கீழே விழும். முட்டைக்குள்ளேயே முட்டையிடும் மிகச் சிறிய குளவிகளும் உண்டு. அப்படிப்பட்ட முட்டை முழுவதும் கறுத்து, புழு வராமல் அப்படியே கிடக்கும். நல்ல முட்டையும் பொரிப்பதற்கு முன் கருக்கும், ஆனால் உள்ளே தலை தெரிந்து சில மணி நேரத்தில் புழு வந்துவிடும். குளவி வந்தால் பையன் அழுவான், பரவாயில்லை. அதையும் திகதியோடு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். எந்தப் புழுவில் எந்தக் குளவி வந்தது என்ற குறிப்பு, அழகான இறக்கை ஒன்றுக்குக் குறைந்த மதிப்புடையது அல்ல.

முட்டையை இலையோடு கிள்ளி, கழுவித் துடைத்த யோகட் கப் ஒன்றில் போடுங்கள். அடியில் ஒரு துண்டு ரிசூ, வாயில் துணி கட்டி ஒரு றப்பர் வளையம். மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும். புழு முதலில் தின்பது தன் முட்டைக் கோதை, அதைப் பறிக்க வேண்டாம். பிறகு கொழுந்து இலை. ஒவ்வொரு முறை தோல் உரித்ததும் அடுத்த பருவம். முதல் நான்கு பருவமும் கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே இருக்கும். எச்சம் என்று நினைத்துத்தான் குருவியும் விட்டுவிடுகிறது. ஐந்தாவது பருவத்தில் சட்டென்று பச்சையாகி, முன்பக்கத்தில் பொய்க் கண் இரண்டு தெரியும்.

வீட்டில் பெரியவர்கள் "ஐயோ மயிர்க்கொட்டி" என்று தும்புக்கட்டை எடுப்பதற்கு முன் ஒரு விஷயம். முருங்கையில் கூட்டமாக ஏறும் மயிர்க்கொட்டி வேறு, இது வேறு. இதற்கு மயிரும் இல்லை, கடியும் இல்லை. பயந்தால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு ஒன்றை வெளியே நீட்டும். செம்மஞ்சளோ சிவப்போ ஆன அந்த உறுப்பிலிருந்து தேசி அழுகிய மாதிரி ஒரு நாற்றம் வரும். எறும்பையும் சின்ன எதிரிகளையும் விரட்டுவதற்கான ஏற்பாடு, நமக்கு ஒன்றும் செய்யாது. பிள்ளைகளுக்கு இந்தக் கொம்பைப் பார்ப்பதற்காகவே புழுவை நோண்டத் தோன்றும். ஒரு தரம் பார்த்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

புழு ஒரு நாள் அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று எண்ணி உதறாதீர்கள். தோல் உரிக்கப் போகிறது. அந்த நேரத்தில் இலையின் மேல் தான் நெய்த பட்டு மெத்தையைக் காலால் பிடித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் தோல் பாதியில் சிக்கிச் சாகும். இலை மாற்ற வேண்டுமென்றால் புழு இருக்கும் இலைத் துண்டை வெட்டி, புதிய இலையின் மேல் வைக்கலாம். கையால் தொட வேண்டிய தேவையே இல்லை.

வீட்டுக்குள் வளர்ப்பவர்களின் புழு சாவதற்குப் பெரும்பாலும் காரணம் ஈரம். மூடிய பெட்டியில் இலை வியர்த்து, எச்சம் பூஞ்சணம் பிடித்து, இரண்டொரு நாளில் புழு கறுத்துத் தொங்கி, தொட்டால் நீராக வடியும். அப்படி ஒன்றைக் கண்டால் உடனே எடுத்துப் புதைத்துவிட்டு, பெட்டியை குளோரின் போட்ட தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுங்கள். மற்றவற்றை வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். நோய் வந்த பிறகு செய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு காலையும் எச்சத்தைத் தட்டிவிடுவது, ஈர இலையைத் துடைத்துப் போடுவது, ஒரு கப்பில் நாலைந்துக்கு மேல் அடைக்காமல் இருப்பது, இவ்வளவுதான் வைத்தியம்.

இலை எங்கிருந்து வருகிறது என்பது அதைவிட முக்கியம். சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடவே போடாதீர்கள். மருந்தடித்த இலையைக் கழுவினாலும் நம்ப முடியாது, தின்ற புழு பச்சையாகக் கக்கித் துடிக்கும். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயமோ புகையிலையோ நின்றால், அங்கே அடிக்கும் மருந்து காற்றில் உங்கள் தேசிக்கும் வரும். வீட்டுக்குள்ளே நுளம்புச் சுருள் கொளுத்தும் அறையில் பெட்டியை வைக்கக்கூடாது. மழைக்காலத்தில் டெங்குப் புகை அடிக்க வந்தால், அன்று பெட்டிகளை நன்றாக மூடி உள்ளறைக்குக் கொண்டுபோய், புகை முற்றாக அடங்கிய பிறகு திறவுங்கள். மரத்து இலையை மழை நன்றாகக் கழுவி, ஒரு வாரமாவது போகும் வரை பறிக்க வேண்டாம். நமது வண்ணத்துப்பூச்சிக் காலமும் டெங்குக் காலமும் ஒன்றாகவே வந்து தொலைக்கின்றன, என்ன செய்வது.

புழு ஒரு அங்குலத்தைத் தாண்டியதும் கப் போதாது. மரத்தாலான ஸ்டூல் ஒன்றைக் கவிழ்த்து, நான்கு காலையும் சுற்றிப் பழைய நுளம்பு வலையைக் கட்டினால் அருமையான கூண்டு. உள்ளே ஒரு சின்னப் போத்தலில் தண்ணீர் விட்டு, தேசிக் கிளை ஒன்றைக் குத்தி வையுங்கள். போத்தல் வாயைப் பஞ்சால் இறுக்க அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புழு கிளை வழியே இறங்கி நீரில் மூழ்கும். அடைக்காத போத்தலில் நுளம்பும் பெருகும், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் உங்களுக்கு விளக்கம் சொல்ல நேரம் போதாது. கூண்டைச் சுற்றி எறும்பு வந்தால் பழைய சாப்பாட்டு அலுமாரிக் கணக்குத்தான்: கூண்டை ஒரு சின்ன மேசை மேல் ஏற்றி, மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள், அந்தத் தண்ணீரையும் அடிக்கடி மாற்றுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி, மரத்திலேயே கிளைக்கு வலைப் பை கட்டுவது. இலை வாடாது, எச்சம் கீழே விழும், புழுவுக்கு வெயிலும் காற்றும் கிடைக்கும். கட்டுவதற்கு முன் உள்ளே சிலந்தியோ முசுறோ இல்லையென்று இலை இலையாகப் பார்க்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் அதற்குக் கல்யாணச் சாப்பாடு.

ஐந்தாம் பருவப் புழு தின்னும் தீனி பயங்கரம். அதுவரை தின்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்தக் கடைசி நாட்களின் கணக்குக்கு வராது. ஒரு சின்னக் கன்றில் பத்துப் புழு என்றால் கன்று மொட்டை. தேசி நாற்றுமேடை வைத்திருப்பவர்கள் இந்தப் பூச்சியைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. அதனால் வளர்ந்த மரம் ஒன்றை நம்பி, அதன் இலைக்கு ஏற்ற எண்ணிக்கையை மட்டும் வையுங்கள். தேசியில் தொடங்கிய புழுவுக்கு நடுவில் கறிவேப்பிலையை மாற்றிப் போட்டால் பட்டினி கிடந்தாவது அடம்பிடிக்கும், முதலில் போட்டதையே கடைசி வரை போடுங்கள்.

பொரித்து இரண்டு வாரம் கடந்தபின், நம் வெக்கையில் சில சமயம் அதற்கு முன்பே, புழு தின்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீராக ஒரு எச்சம் போடும். பிறகு கூண்டு முழுவதும் ஓடித் திரியும். இது நோய் இல்லை, இடம் தேடுகிறது. ஒரு குச்சியிலோ வலையிலோ பின்பக்கத்தைப் பட்டில் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். அடுத்த நாள் தோல் கழன்று கூட்டுப்புழு. பச்சைத் தண்டில் கட்டியது பெரும்பாலும் பச்சையாகவும், காய்ந்த குச்சியிலோ பலகையிலோ கட்டியது மண்ணிறமாகவும் இருக்கும். ஒரே தாயின் பிள்ளைகளை இரண்டு இடத்திலும் கட்ட விட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூடச் செயற்றிட்டத்துக்கு இதுவே போதும். புதிதாய் உரித்த கூட்டுப்புழு மெத்தென்று இருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்காகவே காத்திருந்து குத்தும் குளவி ஒன்று இருக்கிறது, அதனால் வலை மூடியபடியே இருக்கட்டும்.

எட்டு முதல் பன்னிரண்டு நாளில், கூடு கருத்து, இறக்கையின் நிறம் கோதுக்குள்ளே தெரிந்தால் மறுநாள் காலை வெளிவரும். ஈர இறக்கையோடு மேலே ஏறித் தொங்க ஒரு கரடுமுரடான பிடி அதற்கு வேண்டும். வழுக்கும் பிளாஸ்டிக் சுவரில் கால் சறுக்கி விழுந்தால் இறக்கை சுருண்டபடியே காய்ந்துவிடும், பிறகு திருத்த முடியாது. நூல் அறுந்து விழுந்த கூட்டுப்புழுவைக் கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் தலை மேலாக வைத்துச் சுவரில் குத்திவிடுங்கள். வெளிவந்ததும் ஒரு கலங்கல் நீர் கொட்டும், இரத்தமில்லை. இரண்டு மூன்று மணி நேரம் தொடாதீர்கள்.

சரி, இனிக் கறிவேப்பிலை அழகி. எனக்குக் கேட்டால், யாழ்ப்பாணத்தில் ஒரே ஒரு பூச்சியைத்தான் வளர்க்கலாம் என்றால் இதைத்தான் வளர்க்கச் சொல்வேன். ஆண் எல்லாம் ஒரே மாதிரி: கறுப்பு, பின்னிறக்கையில் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டி. பெண்ணோ மூன்று வேடத்தில் வரும். ஒன்று ஆணைப் போலவே. இன்னொன்று பின்னிறக்கையில் வெள்ளைத் திட்டோடு ரோஜா அழகியைப் போல. மூன்றாவது முன்னிறக்கையில் வெண் பட்டிகளும் பின்னிறக்கையில் சிவப்புப் புள்ளிகளுமாகச் சிவப்புடல் அழகியைப் போல. அசல் இரண்டும் நஞ்சுள்ளவை, குருவிகள் தீண்டுவதில்லை. நகலுக்கு நஞ்சு இல்லை, வேடம் மட்டும்தான். அசலையும் நகலையும் பிரித்துச் சொல்ல மகனுக்கு ஒரு குறிப்பு: உடம்பைப் பார்க்கட்டும். அசலின் உடம்பில் சிவப்பு இருக்கும், நகலின் உடம்பு கறுப்பு.

லின்னேயஸ் இந்தக் கறுப்பு அழகிகளுக்கு ட்ரோய் நகரத்துப் போர்வீரர் பெயர்களை வைத்தார். சிவப்புடல் அழகிக்கு ஹெக்டர், கறிவேப்பிலை அழகிக்குப் பொலிட்டஸ். இவர்கள் கதையில் அண்ணன் தம்பி, இருவரும் பிரியாம் அரசனின் பிள்ளைகள். அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது, பொலிட்டஸின் பெண்களில் ஒரு பகுதி ஹெக்டரின் உடையைப் போட்டுக்கொண்டு திரிகிறது என்று. தாயும் மகளும் வெவ்வேறு உருவத்தில் இருந்ததால் இவற்றை வேறு வேறு இனமாக எண்ணிப் பெயர் வைத்தவர்களும் உண்டு. பிரித்தானிய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1865இல் இவை ஒரே இனத்துப் பெண்கள் என்று எழுதினார். அது எப்படி மரபில் வருகிறது என்று பார்க்க, 1910களின் தொடக்கத்தில் ஃபிரையர் என்ற ஆங்கிலேயர் நம் இலங்கையிலேயே தலைமுறை தலைமுறையாக இந்தப் பூச்சியை வளர்த்துக் கணக்கெடுத்தார். வேடமுள்ள உருவம், ஆணைப் போன்ற உருவத்தை அடக்கி வரும் ஆட்சிப் பண்பு என்றும், ஆண்கள் அதைக் காட்டாமலே சுமந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றன என்றும் தெரிந்தது. நூறு ஆண்டு கழித்து, 2014இல், அந்த வேடத்தை எல்லாம் ஆட்டுவிப்பது டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு என்று சிக்காகோ ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் காட்டினார்கள். பூச்சியில் ஆண் பெண் உடல் வேறுபாட்டை முடிவு செய்யும் மரபணு அது.

இவ்வளவும் உங்கள் கறிவேப்பிலை மரத்தில் நடக்கிறது. ஒரு குறிப்பிட்ட பெண் முட்டையிடுவதைக் கண்ணால் கண்டு, அந்த முட்டைகளை மட்டும் தனிக் கப்பில் வளர்த்தால், வேடமிட்ட தாய்க்கு வேடமில்லாத மகளும் பிறக்கலாம் என்பதை மகன் தன் கூண்டிலேயே பார்க்கக்கூடும். அதற்குக் கப்பின் மேல் பெயர் ஒட்டி வைக்கும் ஒழுக்கம் வேண்டும். அது இல்லாமல் எல்லா முட்டையையும் ஒரு பெட்டியில் கொட்டினால் வண்ணத்துப்பூச்சி கிடைக்கும், விடை கிடைக்காது. கூண்டுக்குள் ஆணையும் பெண்ணையும் விட்டு இணை சேர்க்க முயல வேண்டாம், சின்னக் கூண்டில் அவை இலேசில் சேராது. வெளியில் சேர்ந்த பெண் போதும்.

நஞ்சுள்ள அந்த இரண்டு அசலுக்கும் ஈஸ்வரமூலிக் கொடி வேண்டும், ஆடுதீண்டாப்பாளையிலும் வரும். பாம்புக்கடி மருந்தென்று பழைய ஆட்கள் வேலியில் விட்டு வைத்த கொடிதான் ஈஸ்வரமூலி. புழுக்கள் கருஞ்சிவப்பாக, சதைப்பற்றான முள்ளோடு இருக்கும். நடு உடம்பில் வெள்ளைப் பட்டி இருந்தால் ரோஜா அழகி, இல்லாவிட்டால் சிவப்புடல் அழகி. இலையிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலத்தை உடம்பில் சேர்த்து வைத்துத்தான் இவை நஞ்சாகின்றன. அதே அமிலம் மனிதரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். ஆகவே இலை பறித்தால் கை கழுவ வேண்டும், நாட்டு மருந்தென்று யாராவது கஷாயம் வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். கொடி மெதுவாக வளரும், புழுவோ தண்டையும் விடாமல் கடிக்கும். ஒரு கொடியை மட்டும் நட்டால் அது தலையெடுக்கவே விடாது. வேலியில் ஐந்தாறு இடத்தில் நட்டு, ஒரு மழைக்காலம் பொறுத்திருங்கள். பெரிய பூவுக்காக விற்கும், ஈஸ்வரமூலிக்கு உறவான வெளிநாட்டு அரிஸ்டலோக்கியா கொடிகளை வாங்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் அவற்றில் ஒன்றில் ரிச்மண்ட் பறவையிறக்கைப் பூச்சி ஏமாந்து முட்டையிட்டு, புழுக்கள் இலையின் நஞ்சால் சாகின்றன.

அடுத்து அன்னமுன்னாவில் வரும் பச்சைப் புள்ளிக்காரி, கிராஃபியம் அகமெம்னான். சீத்தா, அன்னமுன்னா, வீட்டு வாசலில் நெட்டையாக வைக்கும் அசோகா மரம், எல்லாவற்றின் கொழுந்திலும் வரும். வளர்ப்பு முறை அதேதான். பூச்சி மட்டும் நிற்கவே நிற்காது, பூவில் தேன் குடிக்கும்போதும் இறக்கை படபடத்தபடியே இருக்கும். வெளியில் படம் எடுக்க முடியாமல் அலுத்தவர்களுக்கு, கூட்டை விட்டு வந்த முதல் இரண்டு மணி நேரம்தான் வாய்ப்பு.

இனிச் சேகரிப்பு. என் அபிப்பிராயம், ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு ஆண், ஒரு பெண் வைத்துக்கொண்டு மீதியைப் பறக்கவிடுவது. கொல்லவே மனமில்லை என்றால் படமும், கழன்ற கூட்டுக் கோதும், கொப்பியும் சேர்ந்தே நல்ல சேகரிப்பு. பையனைக் கட்டாயப்படுத்த வேண்டாம். வைப்பதென்றால், இறக்கை நன்றாக இறுகிய மறுநாள், முக்கோணமாக மடித்த கடதாசிக்குள் இறக்கைகளைச் சேர்த்து வைத்து, மூடிய டப்பாவில் இட்டு ஒரு இரவு ஃப்ரீசரில் வைக்கலாம். சயனைட் போத்தல், பழைய காலத்துக் கொலை மருந்து எதுவும் வீட்டில் வேண்டாம்.

விரிப்பதற்கு ரெஜிபோம் பலகையில் உடம்பு இறங்கும் அகலத்துக்கு ஒரு பள்ளம் வெட்டுங்கள். ஊசி நெஞ்சின் நடுவில் நேராக இறங்க வேண்டும். முன்னிறக்கையின் கீழ் விளிம்பு உடம்புக்குச் செங்குத்தாக வரும்வரை நரம்பை ஊசி நுனியால் மெல்ல நகர்த்தி, மேலே எண்ணெய்க் கடதாசிப் பட்டி வைத்து, இறக்கையைக் குத்தாமல் அதன் ஓரத்தில் குத்துங்கள். தையல் ஊசி நம் கடற்காற்றில் துருப்பிடித்து உடம்பையே அரித்துவிடும், துருப்பிடிக்காத பூச்சி ஊசி தேடி வாங்குவது நல்லது. வெயில் காலத்தில் ஒரு வாரம், மழைக்காலத்தில் அதற்கு மேலும் காய வேண்டும். காயும்போது எறும்பைக் கவனியுங்கள், ஒரு இரவில் உடம்பை வெறும் கோதாக்கிவிடும். பிறகு இறுக்க மூடும் பெட்டி, ஒரு மூலையில் நப்தலீன், நேர் வெயில் படாத இடம். ஒவ்வொரு ஊசியிலும் ஒரு சின்னச் சீட்டு: ஊர், திகதி, எந்தச் செடியில் வளர்ந்தது, யார் வளர்த்தது. சீட்டு இல்லாத பூச்சி அறிவியலுக்கு உதவாது, அது சுவர் அலங்காரம் மட்டும்தான்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் பூச்சிகளுக்கும் பொருந்தும். பாதுகாக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிகளுக்கு அதில் பட்டியல் உண்டு. சுண்டிக்குளம், நெடுந்தீவு போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் எதையும் எடுக்கவே கூடாது. வன்னிக் காட்டில் முதிரை மரத்தில் வளரும் பச்சைப் பட்டி மயில் அழகியைப் பார்க்கப் போனால் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். வீட்டு வளவில் நான் சொன்ன சாதாரண இனங்களோடு நின்றுகொண்டு, பட்டியலைப் பற்றிச் சந்தேகம் வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேளுங்கள்.

மாமாவுக்கு அனுப்புவது? கூடாது, உயிரோடும் கூடாது, காய்ந்ததும் கூடாது. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம். 2024இல் யால பூங்காவில் பூச்சிகளைப் பிடித்து வைத்திருந்த இத்தாலியத் தந்தைக்கும் மகனுக்கும் ஆறு கோடி ரூபா தண்டம் விதித்தார்கள். சட்டத்தை விட்டாலும், நம் தேசிப் புழு வெளிநாட்டில் பெரிய தொல்லை. 2004இல் டொமினிக்கன் குடியரசில் எலுமிச்சை அழகி முதன்முதலாகத் தென்பட்டது, அங்கிருந்து பரவி, கரீபியன் தோட்டங்களுக்குப் பீடையாகிவிட்டது.

மாமா ரொறொன்ரோப் பக்கம் இருந்தால் அவருக்கு வேறு வேலை கொடுங்கள். கறிக்காக வீட்டுப் பின்பக்கம் கோடையில் பாத்தி போடுவார் அல்லவா, அதில் பெருஞ்சீரகமும் பார்ஸ்லியும் டில்லும் சேர்த்து நடச் சொல்லுங்கள். அங்குள்ள கறுப்பு அழகி, பாப்பிலியோ பொலிக்சீனிஸ், அதைத் தேடி வந்து முட்டையிடும். அதன் புழுவும் பயந்தால் இதே கவட்டைக் கொம்பை நீட்டும். ஒரு வித்தியாசம்: கோடை முடிவில் கட்டும் கூடு மாரி முழுவதும் பூச்சி வராமல் அப்படியே கிடக்கும், அடுத்த வசந்தத்தில்தான் திறக்கும். அதைக் கதகதப்பான வீட்டுக்குள் வைத்தால் பனி கொட்டும்போது பூச்சி வெளிவந்து பட்டினியில் சாகும், ஆகையால் சூடேற்றாத கராஜிலோ வெளிக் கொட்டகையிலோ வைக்க வேண்டும். இருவரும் கொப்பியில் ஒரே மாதிரி எழுதி, படங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளட்டும், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.